நிமிர்ந்த பிறை

நிந்தவூர்
செப்டெம்பர் 6

அன்புள்ள மீராசா காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் முன் அறையில் இருந்தவர்கள்: நான், இவர், மகள் அஸ்னா, உங்கள் வீட்டிலிருந்து ஆகிலா மைனி, அடுத்த வீட்டு அம்ஹா. ஒருவர் விடாமல் எழுதக் காரணம் இருக்கிறது. இவர்கள் முன்னால்தான் நான் செய்த கொம்பியூட்டர் விளையாட்டை முதன்முதலாகத் திறந்து வைத்தேன். இருக்க வேண்டிய இன்னொரு ஆள் நீங்கள். டோஹாவில் இருந்துவிட்டீர்கள்.

இங்கு எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? ஸ்டோரில் பாரம் தூக்காமல் கணக்கு வேலையோடு நிற்கிறீர்களா? வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு “கேட்டன், கேட்டன்” என்பீர்கள். ஆகவே இந்த விசயம் முழுதும் ஈமெயிலில், கடிதமாக இருக்கட்டும். விளையாட்டும் இதோடு வருகிறது.

கொரோனா காலத்தில் அஸ்னாவின் படிப்புக்கு வாங்கிய லெப்டொப்தான். சோறு அடுப்பில் இருக்கும்போது யூடியூபைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது புதிய வித்தை இல்லை. ஒரு வரி பிழைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டு இதுதான். நோன்பு இருபத்தொன்பது, சூரியன் இறங்கின மஃரிப் நேரம். நீங்கள் மேற்கே பார்த்து வயல் வரம்பில் நிற்கிறீர்கள். அறுத்து முடிந்த வயல், தூரத்தில் தென்னை, கரண்ட் கம்பி, மேகம். இவற்றுக்கு நடுவில் மயிரிழை போல ஒரு பிறை. அது மறைய முதல் கண்டு, அதன் மேல் மௌஸால் அமத்த வேண்டும். மேக ஓரத்தில் அமத்தினால் “அது பிறை இல்லை” என்று வரும். கண்டுவிட்டால் பள்ளிக்குப் போய்ச் சாட்சி சொல்வீர்கள், பெருநாள் தக்பீர் முழங்கும்.

இதன் விதை நீங்கள்தான். கடந்த நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்திருந்தபோது நீங்களும், இப்போது நம்மோடு இல்லாத மர்ஹூம் அப்துல் கபூர் மாமாவும் கண்ட பிறை அல்லவா? கொழும்பில் பிறை காணவில்லை, நோன்பு முப்பது பூர்த்தி என்று அறிவித்த பிறகும், உங்கள் இருவருடைய வார்த்தையை ஏற்று நம்மட பள்ளியைச் சேர்ந்த தோப்படி மஹல்லா மட்டும் மறுநாள் பெருநாள் எடுத்தது. மற்ற ஊர் முழுதும் நோன்போடு இருந்தது. வயல்கரை மஹல்லாக்காரர்கள் இன்னும் நம்மோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். முதல் பக்கத்தில் “பிறை கண்ட மீராசா காக்காவுக்கு” என்று போட்டிருக்கிறேன். அதைக் கண்டதும் அம்ஹா கை தட்டினாள். மைனிதான் பாதியில் எழும்பிப் போனார். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்திருப்பார்.

விளையாடிப் பார்த்துக் குறை நிறை எழுதுங்கள். உங்கள் துஆவில் எங்களுக்கும் ஓர் இடம் வையுங்கள்.

தங்கச்சி
ஜெனூபா


டோஹா
செப்டெம்பர் 19

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

நான் சுகம். இடுப்பும் நானும் சமாதானமாகிவிட்டோம். அங்கே மச்சான், மகள் எல்லாரும் சுகமாக இருக்க அல்லாஹ் உதவி செய்வானாக.

என் தங்கச்சி கேம் செய்தவள் என்று ஸ்டோர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கூட வேலை செய்யும் மலையாளி நம்பவில்லை. திறந்து காட்டினேன், அதோடு என் மானம் போயிற்று. இவ்வளவு பெரிய திரையில் உன் விளையாட்டு நடுவிலே முத்திரை ஒட்டினது போலக் கிடக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு. வானம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. அமத்தின இடமெல்லாம் “அது பிறை இல்லை”. மலையாளி இரண்டாம் தரத்திலேயே கண்டுபிடித்துவிட்டு என் தோளில் தட்டினான்.

மற்ற விளையாட்டுகளில் செட்டிங் என்று ஒரு பக்கம் இருக்கிறது. திரையைப் பெருப்பிக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம், அவரவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம். நீயும் அப்படி ஒன்றை வை.

முதல் பக்கத்தில் என் பெயர் தேவையா? நாலு பேர் பார்க்கிற சாமான்.

உன் காக்கா
மீராசா


நிந்தவூர்
செப்டெம்பர் 27

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் சுகம். அஸ்னாவுக்குத் தடிமனும் தும்மலும், அதுவும் குறைந்துவிட்டது. இவர் உங்கள் கடிதத்தைக் கேட்டுவிட்டு, “நெசப் பிறையக் கண்ட மனிசனுக்கு நம்மட பொய்ப் பிறை தெரியல்லயாம்” என்று சிரித்துக்கொண்டே கடைக்குப் போனார். அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேரும் வரை பஸ்ஸிலும் சிரித்திருப்பார்.

முழுத்திரையும் எழுத்தின் பருமனும் வைத்திருக்கிறேன். இதோடு வருகிறது. முழுத்திரை ஆக்கினால் சில கொம்பியூட்டரில் ஒன்றுமே தெரியாமல் போகுமாம். அதற்கும் ஒரு வழி செய்தேன். மாற்றியதும் “தெரிகிறதா?” என்று ஒரு கேள்வி வரும். ஓம் என்று அமத்தினால் அப்படியே நிலைக்கும். ஒன்றும் அமத்தாமல் விட்டால் சற்று நேரத்தில் பழையபடி திரும்பிவிடும். தெரியாதவன் பயப்படத் தேவையில்லை, சும்மா இருந்தாலே போதும்.

வெளிச்சம் மட்டும் கேட்காதீர்கள். வானத்தை ஒருவன் இருட்டாக்கி, பிறையைத் துலக்கமாக்கிவிட்டுக் கண்டேன் என்றால் அது கண்டதாகுமா? மார்க்க அமல் சம்பந்தமான விசயம். எல்லாருக்கும் ஒரே வானம்தான் இருக்க வேண்டும். நீங்களும் அந்த ஒரே வானத்தில்தானே கண்டீர்கள்?

பெயர் இருக்கட்டும். பெருமைக்கு இல்லை, நன்றிக்கு.

மழைக்காலம் தொடங்க முதல் கூரையைப் பார்க்கச் சொல்லி மைனியிடம் சொன்னேன், கவலைப்படாதீர்கள்.

ஜெனூபா


டோஹா
ஒக்டோபர் 20

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

பதில் பிந்தினதற்கு உன் விளையாட்டுத்தான் பொறுப்பு. முழுத்திரை அமத்தினேன். திரை கறுத்தது. எங்கோ ஒரு மூலையில் ஒரு கேள்வி வந்தது போல இருந்தது. ஓம் என்று அமத்தினேன். பிறகு கறுப்பு கறுப்புத்தான். மூடித் திறந்தாலும் கறுப்பு. கடைசியில் மலையாளி ஏதோ ஒரு ஃபைலை அழித்துச் சரியாக்கினான். தெரியாமல் ஏன் ஓம் என்றாய் என்று அவன் கேட்கிறான். கேட்டால் ஓம் என்றுதானே சொல்வது? எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வருமா?

சரியான பிறகு பார்த்தால் எல்லாம் அகலமாக இழுபட்டுக் கிடக்கிறது. தென்னை ஒவ்வொன்றும் நெல்லுக் கோணி மாதிரி. வரம்பிலே லொறி போகலாம். பிறை இன்னும் கிடைக்கவில்லை.

வெளிச்சத்தை வை தங்கச்சி. நீ செய்தது விளையாட்டா, கண் சோதனையா? எல்லாருக்கும் ஒரே வானம் என்கிறாய். வானம் ஒன்றுதான், கண் ஒன்றா?

மச்சானுக்கு என் ஸலாம்.

மீராசா


நிந்தவூர்
ஒக்டோபர் 28

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நெல்லுக் கோணியை வாசித்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. தெரியாமலே ஓம் என்று அமத்தின கதையை இவர் கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். கோபிக்க வேண்டாம். இழுபட்டதைத் திருத்திவிட்டேன். திரை எவ்வளவு அகலமானாலும் படம் தன் அளவிலேயே வளரும், மிச்சம் இரு பக்கமும் கறுப்புக் கரையாக நிற்கும், சாரத்தின் கரை மாதிரி.

வெளிச்ச விசயத்தில் நான் தோற்றுப்போனேன். உங்களிடம் இல்லை, அஸ்னாவிடம். மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்.

“உம்மா, கண்ணாடி போட்ட ஆள் பிறை கண்டா சாட்சி செல்லாதா?”

“செல்லும். ஏன்?”

“அப்ப செட்டிங்கும் கண்ணாடிதானே.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அம்ஹாவின் மாமனாருக்குக் கண் ஒபரேசன் செய்தது உங்களுக்குத் தெரியும். வானத்தின் வெளிச்சத்துக்கு ஒன்று, பிறையின் பருமனுக்கு ஒன்று என்று இரண்டு செட்டிங் வைத்து, முதலில் அவரைத்தான் விளையாட விட்டேன். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டிப் போய்க் கண்டுபிடித்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் பிடிவாதம் பிடித்ததற்கு எனக்கு வெட்கமாயிற்று.

புதியது இதோடு வருகிறது. கண்டதும் எழுதுங்கள். மைனிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது நல்ல சுகம்.

ஜெனூபா


டோஹா
டிசெம்பர் 14

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

ஸ்டோரில் வருட முடிவுக் கணக்கெடுப்பு, தலை தூக்க நேரமில்லை. உடம்பு நல்ல சுகம். அங்கே வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். வயலுக்குச் சேதம் இல்லையே?

நேற்று லீவு. அறையில் தனியாக இருந்து உன் விளையாட்டைத் திறந்தேன். முழுத்திரை, எழுத்து ஆகப் பெரிது, வெளிச்சம் கடைசி வரை, பிறையின் பருமன் கடைசி வரை. கண்டேன் தங்கச்சி. அமத்தினேன், தக்பீர் கேட்டது. எனக்குக் கண் கலங்கிப் போயிற்று, ஏன் என்று கேட்காதே.

ஆனால் ஒரு பிழை விட்டிருக்கிறாய். பிறையைப் படுக்கப் போட்டிருக்கிறாய். தோணி மாதிரி, இரண்டு முனையும் மேலே பார்க்கக் கிடக்கிறது. இத்தனை மாதமும் நான் நிமிர்ந்த பிறையைத் தேடினேன், எப்படிக் கிடைக்கும்? நம்மட பள்ளி மினாராவைப் பார். பிறை நிமிர்ந்து நிற்கும், முனை இரண்டும் ஒரு பக்கம் பார்க்கும். அன்றைக்கு வரம்பில் நின்று நான் கண்டதும் அப்படித்தான். படத்தைத் திருத்த விருப்பமில்லாவிட்டால் அதற்கும் ஒரு செட்டிங் வை. படுத்த பிறை, நிமிர்ந்த பிறை. வேண்டியதை அவரவர் எடுக்கட்டும்.

உன் காக்கா
மீராசா


நிந்தவூர்
டிசெம்பர் 23

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் சுகம். வெள்ளம் வடிந்துவிட்டது, வயல் தப்பியது.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று சோறு கரிந்தது. கரிந்த மணம் வீடெல்லாம் பரவி அஸ்னா ஓடிவந்து இறக்கும் வரை நான் லெப்டொப்பின் முன்னால்தான் இருந்தேன். அவள் என்ன உம்மா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

நான்தான் பிழையாக வரைந்துவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசையும் பட்டேன். றஜப் மாதத் தலைப்பிறைக்குக் காத்திருந்தேன். அன்று அல்லாஹ் மழையை நிறுத்தித் தந்தான். மஃரிப் தொழுதுவிட்டு நானும் இவரும் அஸ்னாவும் மேல் தட்டுக்கு ஏறினோம். வயல் பக்கம் மேகம் கிழிந்த இடத்தில் இருந்தது காக்கா. தோணி மாதிரி. இரண்டு முனையும் மேலே.

நம்மட ஊரில் தலைப்பிறை அப்படித்தான். சில மாதத்தில் கொஞ்சம் சாயும். நிமிர்ந்து நின்றதை நான் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. இவரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன், அவரும் கண்டதில்லை என்றார். மினாராவில் இருப்பது யாரோ தகரத்தில் வெட்டி வைத்தது.

உங்கள் கடிதத்தை இவருக்குக் காட்டவில்லை. ஒருவருக்கும் காட்டவில்லை. ஆள் மறந்துபோய் எழுதியிருக்கும் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அன்று நீங்கள் எதற்கு மேலே கண்டீர்கள்? தென்னைக்கு மேலா, வாய்க்கால் பக்கமா? எவ்வளவு நேரம் நின்றது? மறதி என்றால் மறதி என்று எழுதுங்கள். நான் நிம்மதியாகச் சோறாக்குவேன்.

ஜெனூபா


டோஹா
ஜனவரி 9

அன்புத் தங்கச்சிக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்கே சரியான குளிர். ஊருக்குப் போகிற ஒருவரிடம் மச்சானுக்கு ஒரு ஜக்கெட்டும் அஸ்னாவுக்குப் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டேன். அளவு பிழைத்தால் யாருக்காவது கொடுக்கச் சொல். அஸ்னாவின் பள்ளிக்கூடச் சோதனை எப்போது? அவளை வெயிலிலும் மழையிலும் திரிய விடாதே.

அப்துல் கபூர் மாமாவுக்கு ஒரு யாசீன் ஓதச் சொல்லி உன் மைனியிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர். நீயும் ஓது.

விளையாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. நிமிர்ந்த பிறை செட்டிங் தேவையில்லை. நான் விளையாட்டை லெப்டொப்பிலிருந்து அழித்துவிட்டேன், அதில் இடம் போதவில்லை.

பிறை விசயம் இப்போது வேண்டாம், மறுகா கதைப்போம்.

மீராசா


நிந்தவூர்
ஜனவரி 19

அன்புள்ள காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜக்கெட் கிடைத்தது, இவருக்கு அளவாக இருக்கிறது. பேரீச்சம்பழத்தைப் பாதி அம்ஹா வீட்டுக்குக் கொடுத்தேன். எல்லாரும் சுகம். உங்கள் உடம்பும் மனமும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மறுகா என்று எழுதியிருக்கிறீர்கள். மறுகாவுக்கு நேரமில்லை காக்கா, ரமழான் வாசலுக்கு வந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஆகிலா மைனியிடம் போனேன். நான் வாய் திறக்க முதலே அவர் அழத் தொடங்கிவிட்டார்.

“மஃரிபு நேரம் பட்டா அவருக்கு வாசல்ல கிடக்கிற செருப்பும் தெரியா கா. ரெண்டு கண்ணாடி செய்து குடுத்தன். ரெண்டும் பெட்டிக்குள்ள கிடக்கு. ஒருத்தருக்கிட்டயும் சொல்லிராத எண்டவர்.”

“அண்டைக்கு ஏன் மைனி நீங்க ஒண்டும் சொல்லல்ல?”

“நான் கேள்விப்படக்குள்ள பள்ளில தக்பீர் தொடங்கிட்டு. தெருவெல்லாம் புள்ளைகள் ஓடித் திரியுதுகள். என்ட புருசனுக்குக் கண் தெரியா எண்டு எந்த வாயால சொல்லுற?”

அப்துல் கபூர் மாமாவின் வீட்டுக்கும் போனேன். மாமியிடம் நேரே கேட்க மனம் வரவில்லை. மாமாவைப் பற்றிக் கதை கொடுத்தேன், அவராகவே அந்த நாளுக்கு வந்தார். “மீராசா விரலை நீட்டினான், பிறகு எனக்கும் தெரிந்த மாதிரி இருந்தது” என்றுதான் மாமா வீட்டில் சொன்னாராம். தெரிந்த மாதிரி. அந்தச் சொல்லை மாமியிடம் இரண்டாம் தரமும் கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா உங்கள் விரலைத்தான் நம்பினார். பள்ளியை நடத்துகிற மரைக்காயர்மார் உங்கள் இருவரையும் நம்பினார்கள். நாங்கள் மரைக்காயர்மாரை நம்பி அந்தக் காலையில் வட்டிலப்பம் வைத்தோம். வயல்கரை மஹல்லாப் பெண் ஒருத்தி கிணற்றடியில் நின்று, நாங்கள் இன்றைக்கு நோன்பு, நீங்கள் எப்படித் தின்கிறீர்கள் என்று கேட்டபோது, “என்ட காக்கா கண்ணால கண்டவர்” என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன். அவள் நோன்போடு தலை குனிந்து போனாள். அந்த நடை இப்போது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கேட்டால் ஓம் என்றுதானே சொல்வது என்று ஒக்டோபரில் எழுதியிருந்தீர்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இல்லை என்று சொல்ல வாய் வருமா என்றும் எழுதியிருந்தீர்கள். அன்று சிரித்தோம். நேற்று மறுபடி வாசித்தபோது சிரிப்பு வரவில்லை.

யார் எவர் என்று சொல்லாமல் பள்ளி ஹஸ்ரத்திடம் கேட்டுப் பார்த்தேன். “சந்தேகத்த வெச்சி ஊரக் கலைக்க ஏலா மகள். சாட்சி சொன்ன ஆள் தன்ட வாயால நான் காணல்ல எண்டு சொன்னா, அப்ப அந்த ஒரு நோன்ப எல்லாரும் வாற ரமழானுக்கு முந்திப் புடிச்சிரணும்” என்றார்.

இன்று அந்த நோன்பை நான் பிடித்திருக்கிறேன். திங்கட்கிழமை என்பதால் வழமையான சுன்னத்து நோன்பு என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னுடையதை நான் பிடித்துவிடலாம். இவருடையதை, அஸ்னாவுடையதை, மஹல்லாவில் உள்ள இத்தனை பேருடையதை நான் பிடிக்க ஏலாது. அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் போய்ச் சொன்னால் அது கோள். நீங்கள் சொன்னால்தான் சாட்சி.

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். செட்டிங் ஒன்றையும் எடுக்கவில்லை. கண் மங்கினவர்கள் வெளிச்சத்தைக் கூட்டட்டும், பிறையைத் தடிப்பாக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான் நான் விளங்கிக்கொண்டேன். நிமிர்ந்த பிறையை மட்டும் வைக்கமாட்டேன். எப்படிப் பார்ப்பது என்பதை ஆள் தெரிவு செய்யலாம், பிறை எப்படிக் கிடக்கிறது என்பது நம்முடைய தெரிவு இல்லை.

கண் தெரியாமல் போனது குற்றம் என்று நான் எழுதவில்லை. உங்களைக் குனிய வைக்கவும் எழுதவில்லை. வாப்பா மௌத்தான பிறகு நீங்கள் உழைத்துத்தான் நாங்கள் தின்றோம், அது என் தோலுக்குள் இருக்கிறது. நீங்கள் உண்மையில் கண்டிருந்தால் அதை எழுதுங்கள், ஆயிரம் தரம் மாப்புக் கேட்கிறேன். காணவில்லை என்றால் அதை எழுதுங்கள். கடிதத்தை நானே இவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று வாசிக்க வைப்பேன். இவர் பள்ளிக்குக் கொண்டுபோவார். ஊர் இரண்டு நாள் ஏசும், மூன்றாம் நாள் நோன்பு பிடிக்கும். மைனிக்கு நான் துணை இருக்கிறேன்.

மச்சானுக்கு, மகளுக்கு என்று வேறு ஒன்றும் எழுத வேண்டாம், பார்சலும் வேண்டாம். அன்று நீங்கள் பிறையைக் கண்டீர்களா, இல்லையா? ஒரு வரி போதும் காக்கா. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தங்கச்சி
ஜெனூபா